ஓட்டை விழுகிறதா, ஒட்டவே இல்லையா: பழைய கார் தகட்டுக்கு வெல்டிங் மெஷின் தேர்வும் கோளாறு தேடலும்

பழைய காரைச் சீர்செய்யத் தொடங்கும் எல்லோரும் முதலில் கேட்பது, "வீட்டில் வைத்துக்கொள்ள எந்த வெல்டிங் மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதைவிட, இப்போது கையில் இருக்கும் மெஷினோ இரவல் வாங்கிய மெஷினோ என்ன கோளாறு காட்டுகிறது என்று பார்த்து அங்கிருந்து காரணத்தைத் தேடுவது நல்லது. பெரும்பாலான கோளாறுகள் எர்த் (மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் இணைப்பு), கேஸ் (உருகிய இரும்பில் காற்று படாமல் காக்கும் வாயு), வயர் (உருகி இரும்போடு சேரும் கம்பி), தகட்டின் சுத்தம் என்ற நாலில் ஒன்றில் போய் நிற்கும். அவற்றைப் புது மெஷின் தீர்க்காது. மெஷினாலேயே முடியாத விஷயங்கள் கொஞ்சம்தான். வாங்கும்போது பார்க்கவேண்டியது அந்தக் கொஞ்சத்தைத்தான். அப்படிப்பட்ட இடம் வரும்போதெல்லாம் "இது மெஷினின் எல்லை" என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்கை மட்டும் முன்னாலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ. தடிமன்தான். சேசிஸ் பகுதிகள் 2, 3 மி.மீ. வரை போகும். சாதாரண இரும்புத் தகட்டுக்கு 1 மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய 40 ஆம்ப் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அப்படியென்றால் 0.8 மி.மீ. கதவுத் தகட்டுக்கு வேண்டியது முப்பது ஆம்ப்புக்குக் கொஞ்சம் மேலேதான். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மெஷின் எவ்வளவு மேலே போகும் என்பது. உங்களுக்குத் தேவை அது எவ்வளவு கீழே இறங்கும் என்பது.

தொடங்குமுன் பாதுகாப்பு. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க்கும் குழாயும் பக்கத்தில் இருந்தால் காரைவிட்டே வெளியேற்றுங்கள். தகட்டுக்குப் பின்னால் கம்பளம், ஃபோம், தார் பூச்சு எது இருந்தாலும் அகற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரமாவது அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள், உள்ளே புகைந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டு வைக்கவே கூடாது. ஆர்க்கின் (வெல்டு வைக்கும்போது எரியும் மின்தீப்பொறியின்) வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

தகடு உருகி ஓட்டை விழுகிறது

இதுதான் அதிகம் கேட்கும் புலம்பல். காரணங்கள் பல, அதனால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் தகடே இருக்கிறதா என்று பாருங்கள். துரு அரித்த இடத்தின் ஓரத்தில் தகடு பார்க்க முழுசாகத் தெரியும், ஆனால் பின்பக்கத்தில் பாதி போயிருக்கும். சுத்தியலின் கூர்முனையால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மந்தமாகும் இடத்தில் துரு தொடங்குகிறது. அதைத் தாண்டி நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்காமல் எந்த மெஷினாலும் அங்கே வெல்டு வைக்க முடியாது. பின்னால் துளையிட்டு ஆழம் பார்க்க முடியாத இடங்களில் கிரைண்டரில் கம்பித் தூரிகை போட்டு வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்துப் பாருங்கள். கருப்புப் புள்ளிகள் குழியாக நின்றால் இன்னும் வெட்டவேண்டும்.

அடுத்தது வயர். மிக் (MIG, வயர் தானாக ஓடிவந்து உருகும் வகை) மெஷினோடு பெரும்பாலும் 0.8 மி.மீ. வயர்தான் வரும். மெல்லிய தகட்டுக்கு 0.6 மி.மீ. வயருக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை போய்விடும், ஏனென்றால் மெலிந்த வயர் குறைந்த ஆம்ப்பிலேயே சீராக உருகும். வயரை மாற்றும்போது டிப்பையும் (வயர் வெளியே வரும் செப்பு முனை) ரோலரின் (வயரைத் தள்ளும் உருளை) பள்ளத்தையும் அதே அளவுக்கு மாற்றவேண்டும்.

அதன்பிறகு கை. மெல்லிய தகட்டில் நீளமாக ஒரே வரியாக இழுக்கக் கூடாது. ஒரு புள்ளி வைத்து, டார்ச்சின் (கையில் பிடிக்கும் பகுதி) டிரிகரை விட்டு, சிவப்பு மறையும்வரை பொறுத்து, அப்புறம் அடுத்த புள்ளி. இரண்டு தகடுகளுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் ஓட்டை விழத்தான் செய்யும். விளிம்போடு விளிம்பு சேர்க்கும்போது இடைவெளி வயரின் தடிமனைத் தாண்டாமல் வெட்டிப் பொருத்துங்கள். பொருத்துவதில் செலவழிக்கும் நேரம் வெல்டு வைப்பதில் திரும்பக் கிடைக்கும். பின்னால் ஒரு செப்புப் பட்டையை அழுத்திப் பிடித்தால் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், உருகிய இரும்பு அதில் ஒட்டவும் ஒட்டாது.

இத்தனையும் சரியாக இருந்து, மிகக் குறைந்த அளவில் வைத்தும் ஓட்டை விழுகிறது என்றால், இது மெஷினின் எல்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களில் சுவிட்சில் நாலு அல்லது ஆறு படிதான் இருக்கும். முதல் படியே உங்கள் தகட்டுக்கு அதிகமாக இருக்கலாம், இரண்டு படிகளுக்கு நடுவில்தான் உங்களுக்கு வேண்டிய வெப்பம் இருக்கலாம். அதனால் வாங்கும்போது, வோல்டேஜைத் தொடர்ச்சியாகக் கூட்டிக் குறைக்க முடிகிற, 30 ஆம்ப்புக்கு இறங்கியும் ஆர்க் அறுந்துபோகாத மெஷினைப் பாருங்கள். இன்வெர்ட்டர் (மின்னணு வகை) மிக் மெஷின்கள் பலவற்றில் இது கிடைக்கிறது.

கேஸ் வேண்டாத ஃபிளக்ஸ் வயர் (உள்ளே காப்புப் பொடி நிரப்பியது) மட்டும் ஓடும் மெஷினும் இதே பட்டியலில்தான் வரும். வெளியில் காற்றடிக்கும் இடத்தில் அது நன்றாக வேலை செய்யும், சேசிஸ் தடிமனுக்குச் சரிவரும். ஆனால் 1 மி.மீ.க்குக் கீழே கையாளுவது கடினம், கசடும் பொறியும் அதிகம். காரின் பாடி வேலைக்கு அதை மட்டும் நம்பி வாங்கவேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கேஸ் இணைப்பும் உள்ள மெஷினாக எடுத்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

வெல்டு தகட்டின்மேல் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது

ஓட்டை விழுவது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. இது தெரியாத கோளாறு, அதனால் இதைத்தான் அதிகம் பயப்படவேண்டும். மேலே பார்த்தால் வரி அழகாக இருக்கும். கிரைண்டர் போட்டு மட்டப்படுத்தினால் தலைமுடி அளவுக்கு ஒரு கருப்புக் கோடு இரண்டு தகடுகளுக்கும் நடுவே நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் இரும்பு இரும்போடு சேரவில்லை என்று அர்த்தம். அதன்மேல் பட்டி பூசி பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் அதே கோட்டில் விரிசல் வரும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரே வழி சோதனைத் துண்டு. காரில் இருந்து வெட்டியெடுத்த அதே தடிமன் தகட்டில் இரண்டு பட்டைகளை எடுத்து, அதே செட்டிங்கில் வெல்டு வையுங்கள். ஒரு பட்டையை வைஸில் இறுக்கி, இன்னொன்றைச் சுத்தியலால் முன்னும் பின்னும் மடக்குங்கள். வெல்டு நன்றாக இருந்தால் கிழிவது வெல்டுக்குப் பக்கத்தில் உள்ள தகடாக இருக்கும். வெல்டு வரியே தோல்போல் உரிந்து வந்தால் அந்த செட்டிங்கோடு காரைத் தொடாதீர்கள். துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். வெல்டு ஊடுருவியிருந்தால் அங்கே நெடுகச் சிறிய மேடு ஒன்று எழும்பியிருக்கும். வெறும் நீல நிறக் கறை மட்டும் இருந்தால் வெப்பம் போயிருக்கிறது, இரும்பு போகவில்லை.

சரிசெய்வது பெரும்பாலும் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றுவதிலோ வயர் வேகத்தைக் குறைப்பதிலோ முடிந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும். சரியான இடத்துக்கு வந்தால் காதே சொல்லிவிடும்: தகரக் கூரையில் மழை விழுவதுபோல் இடைவிடாத சடசடப்பு. வயர் டார்ச்சைப் பின்னால் தள்ளினால் வேகம் அதிகம். நுனி உருண்டு உருண்டு சொட்டினால் வேகம் குறைவு.

இதன் இன்னொரு வடிவம், துளை வெல்டு பிய்ந்து வருவது. தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டுக்குப் பதிலாக மேல்தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு அதை வெல்டால் நிரப்புவோம். துளையின் ஓரத்தில் தொடங்கினால் மேல்தகடு மட்டும் உருகி மூடிக்கொள்ளும், அடித்தகட்டில் ஒட்டாது. நடுவில், அடித்தகட்டின் மேலேயே ஆர்க்கைத் தொடங்கி வட்டமாக வெளியே வாருங்கள். விளிம்பு வெல்டைவிடக் கொஞ்சம் கூடுதல் வெப்பம் வேண்டும். இரண்டு தகடுகளும் கிளாம்ப்பில் காற்றுப் புகாத அளவுக்கு நெருங்கியிருக்கவேண்டும். இதற்கும் ஒரு சோதனைத் துண்டு போட்டு உளியால் பிளந்து பாருங்கள்: ஒரு தகட்டில் வெல்டு பொத்தானும் மறு தகட்டில் கிழிந்த ஓட்டையும் வந்தால் தேறிவிட்டது.

புதிய கார்களின் தூண்களிலும் மோதல் தாங்கும் சட்டங்களிலும் போரான் கலந்த உயர்வலிமை எஃகு இருக்கும். வெப்பம் பட்டால் அதன் வலிமை போய்விடும். அங்கே உற்பத்தியாளர் சொன்ன முறை தவிர வேறு எதுவும் கூடாது.

வெல்டு முழுக்கப் பொத்தல் பொத்தலாக வருகிறது

கேஸ் வந்து சேரவில்லை அல்லது தகடு அழுக்காக இருக்கிறது. இரண்டில் ஒன்று.

கேஸை முதலில் பாருங்கள். சிலிண்டர் திறந்திருக்கிறதா, ரெகுலேட்டரில் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் காட்டுகிறதா, டிரிகரை அழுத்தும்போது நாசிலில் (டார்ச் நுனியில் கேஸ் வெளிவரும் கூடு) 'உஸ்' சத்தம் கேட்கிறதா? இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு தெரியும். ஓட்டத்தை ஏற்றிக்கொண்டே போவது தீர்வல்ல. அளவுக்கு மீறினால் வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், பொத்தல் இன்னும் கூடும். நாசிலுக்குள் பொறி அடைத்திருந்தாலும் இதே கதைதான். காருக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது தரையோரக் காற்றும், புழுக்கத்துக்காகப் போட்ட மின்விசிறியும் கேஸைக் கலைத்துவிடும். புகையை வெளியேற்றவேண்டும், ஆனால் காற்று வெல்டின்மேல் நேரே வீசக்கூடாது.

கேஸ் சரி என்றால் தகடு. வெல்டுக்கு இரண்டு பக்கமும் 25 மி.மீ. அளவுக்குப் பெயின்ட், துரு எல்லாம் போய் வெறும் இரும்பு தெரியவேண்டும். பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள். அங்கே இருக்கும் தார் பூச்சும் சீலரும் கொதித்து, உருகிய இரும்புக்குள் ஆவியாக ஏறும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் வெள்ளைப் புகை வரும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது, இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். அதாவது இரும்பு உருகுமுன்பே பூச்சு ஆவியாகிவிடுகிறது. அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, தகுந்த முகமூடியோடு செய்யுங்கள்.

கேஸ் வகையும் கணக்கில் வரும். தனி கார்பன் டை ஆக்ஸைடு தடித்த இரும்புக்குப் பரவாயில்லை, ஆனால் மெல்லிய தகட்டில் பொறியும் வெப்பமும் அதிகம். ஆர்கானோடு 5 முதல் 20 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்தது பாடி வேலைக்கு இதமாக இருக்கும். தூக்கியெறியும் சின்ன சிலிண்டர்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டத்தில் 100 லிட்டர் வாயு 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மெஷினைத் தேடும்போதே நிரப்பிக்கொள்ளக்கூடிய சிலிண்டர் உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொறி பறக்கிறது, ஆர்க் ஒரு நிலையில் நிற்கவில்லை

எர்த் கிளாம்ப்பைக் கழற்றி, அது கடித்த இடத்தைத் தேய்த்து, வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். பெயின்ட்டின்மேல் கடித்த கிளாம்ப் எர்த்தே இல்லை. காரின் மறுகோடியில் மாட்டினால் கரண்ட் தனக்குப் பிடித்த வழியில் போகும். சக்கர பேரிங் வழியாகப் போனால் பேரிங்கின் குண்டுகளில் சின்னச் சின்னத் தீக்குழி விழும்.

அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மெஷினின் உள்மூடியைத் திறந்து துருவத்தைப் பாருங்கள். கேஸோடு ஓடும் சாதாரண வயருக்கு டார்ச் நேர்முனையில் இருக்கவேண்டும். கேஸ் வேண்டாத ஃபிளக்ஸ் வயருக்கு டார்ச் எதிர்முனையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் இதை மாற்ற மறந்துவிடுவது சகஜம். துருவத்தை மாற்றவே முடியாத மெஷினும் உண்டு, அது ஒரே வகை வயருக்கு மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வயர் திக்கித் திக்கி வருகிறது

டிப்பில் தொடங்கிப் பின்னால் போங்கள். டிப்பின் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் மாற்றுங்கள். டிப்பைக் கழற்றியதும் வயர் தாராளமாக வந்தால் கோளாறு அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் டார்ச் கேபிளை நேராகப் போட்டுப் பாருங்கள். நேராக இருக்கும்போது மட்டும் ஓடினால் லைனர் (கேபிளுக்குள் வயர் ஓடும் குழாய்) மடிந்திருக்கிறது அல்லது தூசி அடைத்திருக்கிறது. அடுத்து ரோலர்: பள்ளம் வயர் அளவுக்குப் பொருந்துகிறதா, அழுத்தம் சரியா? கையுறை போட்டு, டார்ச்சை ஒரு மரக்கட்டைமேல் சாய்வாக வைத்து வயரை ஓடவிடுங்கள். கட்டையில் முட்டி வயர் சுருண்டுகொண்டே வரவேண்டும். ரோலர் வழுக்கினால் இறுக்கம் போதாது. அதற்காக முறுக்கி இறுக்கினால், எங்காவது தடை வந்ததும் வயர் ரோலருக்குப் பக்கத்திலேயே சிக்குண்டு பந்தாகிவிடும்.

ரோலர் கட்டமைப்பு முழுக்கப் பிளாஸ்டிக்காக இருந்து, அழுத்தும்போதே வளைகிறது என்றால் இது மெஷினின் எல்லை. என்னைக் கேட்டால், கூடுதல் ஆம்ப்பைவிட உலோகத்தால் ஆன வயர் ஓட்டும் பகுதிக்கும் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டர் டார்ச்சுக்கும்தான் காசு கொடுப்பேன். டார்ச் மெஷினோடு நிரந்தரமாகப் பிணைந்திருந்தால் ஒரு லைனர் கெட்டாலே பெரிய வேலை. 200 மி.மீ. விட்டமுள்ள 5 கிலோ வயர் சுருள் பொருந்துமா என்றும் பாருங்கள். 100 மி.மீ. சின்னச் சுருள் மட்டும் பொருந்தும் மெஷினில் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

தகடு நெளிந்துவிடுகிறது

வெல்டு ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் பக்கத்துத் தகட்டை இழுக்கும். பானட், கதவு, கூரை போன்ற அகலமான தட்டைப் பகுதிகளில் இது உடனே தெரியும். 25 மி.மீ. இடைவெளியில் டேக் (தகட்டைப் பிடித்து நிறுத்தும் சின்ன வெல்டுப் புள்ளி) வைத்து, ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று தாண்டித் தாண்டி நிரப்புங்கள். தொட்டால் சுடாத நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்தது. ஈரத்துணியால் அவசரமாக ஆற்றவேண்டாம். சுருங்கிய வெல்டை மறுபடி நீட்ட, பின்னால் டாலி (கைக்கு அடங்கும் இரும்புக் கட்டை) பிடித்து வெல்டின் மேலேயே சுத்தியலால் தட்டவேண்டும்.

மிக் வெல்டு கடினமானது, கொஞ்சம் தேய்த்து மெலிய வைத்த பிறகே சுத்தியல் தட்டலுக்கு இணங்கும். டிக் (TIG, உருகாத டங்ஸ்டன் முனையால் ஆர்க் எழுப்பி, கம்பியைத் தனியாகக் கையால் ஊட்டும் முறை) வெல்டு வேகம் குறைவு, அதனால் வெப்பம் அதிகம் பரவும். ஆனால் வரி மென்மையாகவும் தட்டையாகவும் இருப்பதால் தட்டி நீட்டுவது சுலபம். கண்ணில் படும் வெளித்தகடு வேலை நிறைய இருந்து, பொறுமையாகப் பழகவும் நேரம் இருந்தால் டிக் அருமையான தேர்வு. இரும்புக்கு டிசி மெஷினே போதும், அலுமினியம் செய்ய ஏசியும் வேண்டும். காலால் கட்டுப்படுத்தும் பெடல் இருப்பது பெரிய உதவி. ஆனால் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது இரண்டு கைக்கும் காலுக்கும் இடம் இருக்காது, துருவின் மிச்சத்தையும் டிக் பொறுக்காது. ஒரே ஒரு மெஷின்தான் என்றால் என் ஓட்டு மிக்குக்கே.

கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றுவிடுகிறது

மஞ்சள் விளக்கு எரிந்து, விசிறி மட்டும் ஓடினால் மெஷின் சூடாகிவிட்டது, ஆறவிடுங்கள். டூட்டி சைக்கிள் 10 நிமிடக் கணக்கு: 150 ஆம்ப்பில் 20 சதவீதம் என்றால், அந்த ஆம்ப்பில் 2 நிமிடம் வேலை, 8 நிமிடம் ஓய்வு. எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதையும் தகவல் தகட்டில் பாருங்கள். 20 டிகிரியில் அளந்த எண்ணும் 40 டிகிரியில் அளந்த எண்ணும் ஒன்றல்ல. மெல்லிய தகட்டில் 30, 40 ஆம்ப்பில் விட்டு விட்டு வைக்கும்போது இந்த எல்லையைத் தொடுவது அரிது. சேசிஸ் வேலையில்தான் தொடும்.

வீட்டு பிரேக்கர் விழுந்தால் அது வேறு விஷயம். மெஷின் அதிகபட்சமாக இழுக்கும் கரண்ட்டை உங்கள் பிளக்கும் வயரிங்கும் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆர்க் சோர்ந்துபோய், வரி குளிர்ந்து குளிர்ந்து வந்தால் எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சந்தேகியுங்கள். குறைந்தது 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியாக, முடிந்த அளவு குட்டையாக, சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டதாக இருக்கவேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும்.

கையில் ராடு வெல்டிங் மெஷின் மட்டும்தான் இருக்கிறது

2 மி.மீ. ராடு போட்டு 3 மி.மீ. சேசிஸ் பகுதியில் நல்ல வேலை செய்யலாம். பாடித் தகட்டுக்கு வேண்டாம்.

பழைய மெஷின் ஒன்று வருகிறது, எடுக்கலாமா

சோதனைத் துண்டு, 0.6 மி.மீ. வயர், அதற்கேற்ற டிப் மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள். மிகக் குறைந்த அளவில் வைத்து 0.8 மி.மீ. தகட்டில் ஐந்தாறு புள்ளி வைத்துப் பாருங்கள். ஆர்க் ஒவ்வொரு முறையும் தடுமாறாமல் பிடிக்கிறதா, விசிறி ஓடுகிறதா, கேபிளில் விரிசல் உண்டா, கேஸ் டிரிகரோடு சேர்ந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். சில மலிவு மெஷின்களில் சுவிட்ச் போட்டதுமே வயரில் கரண்ட் இருக்கும், டிரிகர் வயரை ஓட்ட மட்டும்தான். விற்பவரிடம் கேட்டுவிட்டு, டிரிகரைத் தொடாமல் வயர் நுனியை எர்த் மாட்டிய துண்டில் உரசச் சொல்லுங்கள். பொறி வந்தால், காருக்குள் குனிந்து வேலை செய்யப்போகிறவர் அதை எடுக்கவேண்டாம்.